'உறுதி' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இன்றைய (மே 11, 2025, ஞாயிறு) விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு துணுக்குச் செய்தி போட்டிருந்தீர்கள். இங்கிலாந்துக் கால்பந்தில் பிரீமியர் லீக்குக்கு அடுத்த நிலையான சாம்பியன்ஷிப் லீக்கின் பிளே ஆஃப் அரையிறுதியில் சண்டர்லாந்து அணி கவென்ட்ரியை 2-1 என்று அவர்கள் ஊரிலேயே வென்றுவிட்டது, அடுத்த ஆட்டம் சொந்த மைதானத்தில் என்பதால் வெம்ப்ளி இறுதிப் போட்டிக்குப் போவது 'ஏறக்குறைய உறுதி' என்று மூன்றே வரி. ஐ.பி.எல். பாதியில் நின்றுபோயிருக்கிற இந்த வாரத்திலாவது இந்த ஆட்டத்துக்கு மூன்று வரி கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த 'உறுதி' என்ற வார்த்தை வயிற்றைக் கலக்கிவிட்டது. நான் சண்டர்லாந்துக்காரர்கள் பக்கம். அதனால்தான் எழுதுகிறேன்.

2022 செப்டம்பரிலிருந்து ஒரு வருடம் அந்த ஊரில் முதுகலை படித்தேன். வேர் ஆற்றுக்குத் தெற்கே ஒரு சின்ன வீட்டில் மாடி அறை. பக்கத்து வீட்டில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், அவர் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இப்போது ஸ்டேடியம் ஆஃப் லைட் மைதானம் நிற்கிற இடமே பழைய வேர்மவுத் சுரங்கம்தான். 1993-ல் சுரங்கத்தை மூடினார்கள், 1997-ல் அதே இடத்தில் மைதானம் திறந்தார்கள். வாசலில் பெரிதாக ஒரு டேவி விளக்கு வைத்திருக்கிறார்கள், சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் கையில் எடுத்துப் போவார்களே, அந்த விளக்கு. ஆட்டத்தன்று பாலத்தின் மேல் சிவப்பு வெள்ளைப் பட்டைச் சட்டை போட்ட கூட்டம் நடந்து போவதைப் பார்த்தால் நம்ம ஊர்த் தேர்த் திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருக்கும், தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையும் ஒன்றாக. நான் அதுவரை கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவன். அந்தப் பெரியவர்தான் என்னைக் கூட்டிப்போனார்.

சரி, 2023 மே 13-க்கு வருகிறேன். அன்றும் பிளே ஆஃப் அரையிறுதி, முதல் லெக் (ஆளுக்கொரு ஊரில் ஆடும் இரண்டு ஆட்டங்களில் முதலாவது, இரண்டு ஆட்டத்துக் கோலையும் கூட்டித்தான் வெற்றி), எதிரில் லூட்டன். நான் மைதானத்துக்குள் இருந்தேன். லூட்டன்தான் முதலில் கோல் போட்டது. அப்புறம் அமத் தியாலோ பாக்ஸுக்கு வெளியிலிருந்து இடது காலால் ஒன்று அடித்தார் பாருங்கள், பந்து வலைக்குள் போனபோது என் பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது, என்னைத் தூக்கிவிட்டார். இரண்டாம் பாதியில் ட்ரை ஹ்யூம் தலையால் முட்டி இன்னொன்று. 2-1. அன்றைக்கும் எல்லோரும் வெம்ப்ளிக்கு ரயில் டிக்கெட் பேசிக்கொண்டே பாலத்தைக் கடந்தார்கள். மூன்று நாள் கழித்து லூட்டனில் இரண்டாவது லெக். சண்டர்லாந்தின் சென்டர் பேக்குகள் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்கள்) காயத்தில் வெளியே, நிற்கிறவர்கள் எல்லாம் குள்ளம். பத்தாவது நிமிடத்தில் ஒன்று, இடைவேளைக்குச் சற்று முன் தலையால் முட்டி இன்னொன்று, 2-0, மொத்தக் கணக்கில் 3-2, கதை முடிந்தது. அதை ஒரு பப்பில் நின்றுகொண்டு பார்த்தோம். கடைசி விசில் ஊதியதும் பெரியவர் கழுத்தில் இருந்த ஸ்கார்ஃபைக் கழற்றி, நான்காக மடித்து, கோட்டுப் பையில் வைத்து மேலே தட்டினார். வீடு வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் லெக்கில் 2-1. இப்போதும் அதே கணக்கு. இதற்கு மேல் நான் 'உறுதி' என்ற சொல்லை எப்படிச் சகிப்பது?

இந்த முறை விஷயம் வேறு என்று சொல்வீர்கள், ஏனென்றால் இரண்டாவது லெக் சொந்த மண்ணில். சரிதான், அது பெரிய பலம். டிரா செய்தாலே போதும். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றால் மொத்தக் கணக்கு சமமாகி 30 நிமிடக் கூடுதல் நேரம், அதிலும் முடியாவிட்டால் பெனால்டி. வெளியூர் கோலுக்குத் தனி மதிப்பு கிடையாது. இதெல்லாம் சண்டர்லாந்துக்குச் சாதகம். ஆனால் கவென்ட்ரியின் பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார் என்று உங்கள் செய்தியில் இல்லையே. ஃபிராங்க் லாம்பார்ட். செல்சீயில் விளையாடிய அதே லாம்பார்ட்தான். 2019 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது அவர் டெர்பி கவுன்டி பயிற்சியாளர், இதே பிளே ஆஃப், இதே அரையிறுதி. முதல் லெக்கில் சொந்த மைதானத்தில் லீட்ஸிடம் 0-1 தோல்வி. நான்கு நாள் கழித்து லீட்ஸின் எலண்ட் ரோடு மைதானத்தில் 24-வது நிமிடத்தில் இன்னொரு கோல் வாங்கினார்கள், மொத்தத்தில் 0-2. எல்லோரும் டெர்பி கதை முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள். இடைவேளைக்கு ஒரு நிமிடம் முன்னால் லாம்பார்ட் ஜாக் மாரியட்டை இறக்கினார், இறங்கிய வேகத்தில் அவர் லீட்ஸ் கோல்கீப்பரும் டிஃபெண்டரும் குழம்பி நின்ற பந்தைத் தட்டிவிட்டார். இரண்டாம் பாதி தொடங்கிய நிமிடமே மேசன் மவுன்ட் ஒன்று. அப்புறம் பெனால்டி. கடைசியில் 85-வது நிமிடத்தில் மறுபடி மாரியட். 4-2, மொத்தம் 4-3. முதல் ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் வீட்டில் தோற்று, பக்கத்தில் யாரும் ஆறுதல் சொல்ல ஆள் இல்லாத வெளியூர் மைதானத்தில் போய் அதைத் திருப்பிய ஆள். செவ்வாய்க்கிழமை அவருக்கு வேண்டியது அதே வேலைதான், புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

அவர் கையில் இருக்கும் ஆட்டக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. போன வருடம் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில் வுல்வ்ஸ் ஊருக்குப் போய் 90 நிமிடம் தாண்டியும் 2-1 என்று பின்தங்கி இருந்தவர்கள், காய நேரத்தில் 97-வது நிமிடத்தில் ஒன்று, 100-வது நிமிடத்தில் ஒன்று போட்டு ஜெயித்தார்கள். அந்த 100-வது நிமிடக் கோலைப் போட்டவர் ஹாஜி ரைட். அடுத்து வெம்ப்ளி அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-3 என்று இருந்து 3-3 ஆக்கினார்கள், பெனால்டியில்தான் தோற்றார்கள். அதே ரைட் இந்த மார்ச்சில் சண்டர்லாந்துக்கு எதிராகத் தனி ஆளாக மூன்று கோல் போட்டு 3-0 என்று அனுப்பிவைத்தார். நவம்பரில் சண்டர்லாந்து மைதானத்தில் 2-2. லாம்பார்ட் பொறுப்பேற்றபோது கவென்ட்ரி 17-வது இடத்தில் கிடந்தது, ஐந்தாவதாக முடித்தது. இப்படிப்பட்ட அணியை ஒரு கோல் பின்னால் இருக்கிறது என்பதற்காக அடக்கம் செய்துவிட முடியுமா?

வெள்ளிக்கிழமை ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சண்டர்லாந்து ஆட்டத்தை ஆண்டு ஜெயிக்கவில்லை. பந்து பெரும்பாலும் கவென்ட்ரி காலில்தான். சண்டர்லாந்து பொறுமையாகப் பின்னால் நின்று காத்திருந்தது, 68-வது நிமிடத்தில் வில்சன் இசிடோர் கோல். சந்தோஷப்பட்டு உட்காருவதற்குள் ஜாக் ரூடோனி சமன் செய்துவிட்டார், இரண்டே நிமிடம். ஆட்டம் டிராவில் முடியும் என்று நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, 88-வது நிமிடம், கவென்ட்ரியின் மிலன் வான் எவைக் தன் கோல்கீப்பருக்குத் தட்டிய பந்து வேகம் இல்லாமல் நின்றுபோக, எலியேசர் மயெண்டா பாய்ந்து போய் எடுத்து உள்ளே தள்ளினார். அந்தப் பையனுக்கு இருபதே வயது. அவனுடைய விழிப்பைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்திலும் ஓடத் தயாராக இருந்தானே. ஆனாலும் அது எதிராளி கொடுத்த கோல். வான் எவைக் நல்ல ஆட்டக்காரர், இரண்டு முறை அதே தப்பைச் செய்ய மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சண்டர்லாந்து லீக்கில் கடைசி ஐந்து ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்றது. நான்காவது இடம் முன்னமே கிட்டத்தட்ட உறுதியாகிவிட்டதால் வேகம் குறைந்தது என்று ஒரு சமாதானம் உண்டு, நானும் அதைத்தான் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் ஐந்து தோல்வி என்பது ஐந்து தோல்விதான். சின்னப் பையன்கள் நிறைந்த அணி, நடுக்களத்தில் ஜோப் பெல்லிங்காமுக்கு 19, கிறிஸ் ரிக்குக்கு 17. (ஜோப், ரியல் மாட்ரிட் ஜூடின் தம்பி. அண்ணன் பெயரைச் சொல்லி அவனை அறிமுகப்படுத்துவது எனக்குப் பிடிக்காது, ஆனால் நம் வாசகர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் பிடிபடும்.) கேப்டன் டான் நீல் 23 வயதுக்காரர், பக்கத்து சவுத் ஷீல்ட்ஸ் ஊர்க்காரர். நன்றாக ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது, ஒரு கோல் வாங்கினால் முகம் வாடிவிடும். அதனால்தான் சொல்கிறேன், முதல் இருபது நிமிடத்தைப் பாருங்கள். பயிற்சியாளர் ரெஜிஸ் லெ பிரி முன்னிலையைக் காப்பாற்றலாம் என்று பின்னால் இழுத்து நிறுத்தினால், கவென்ட்ரியின் மாட் கிரைம்ஸ் நடுவில் நின்றுகொண்டு சாவகாசமாகப் பந்தைப் பிரித்துக் கொடுப்பார், ரைட்டுக்கு ஒரு பந்து, ரூடோனிக்கு ஒரு பந்து என்று வந்துகொண்டே இருக்கும், 70 நிமிடம் தாங்கலாம், 90 தாங்காது. இசிடோரையும் மயெண்டாவையும் முன்னாலேயே நிறுத்தி, கவென்ட்ரி டிஃபென்ஸ் பந்தை எடுத்ததுமே நெருக்க வேண்டும். மைதானம் நிறைந்த கூட்டம் பின்னால் கத்தும்போது அந்த நெருக்கலுக்கு வரும் வேகம் வேறு, நான் காதால் கேட்டிருக்கிறேன். அப்புறம் கார்னர்கள். 2023-ல் உயரப் பந்துதான் கழுத்தை அறுத்தது. இந்தத் தடவை உயரமான டிஃபெண்டர் டான் பல்லார்ட் அணியில் இருக்கிறார், அது ஒன்றுதான் என்னைக் கொஞ்சம் தூங்கவிடுகிறது.

இப்போது பெரியவர் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எதிரில் இருப்பது வேறு எந்த அணியாக இருந்தாலும் அவருக்கு இவ்வளவு பதற்றம் இருக்காது. கவென்ட்ரி என்ற பெயரைச் சொன்னாலே 1977 என்பார். நானும் முதலில் ஏதோ கோப்பை இறுதி என்றுதான் நினைத்தேன். அந்த வருடம் மே 19, அப்போதைய மேல் நிலையான முதல் டிவிஷனின் கடைசி இரவு. சண்டர்லாந்து, கவென்ட்ரி, பிரிஸ்டல் சிட்டி, மூன்றில் ஒன்று கீழே இறங்க வேண்டும். சண்டர்லாந்து எவர்ட்டனில் ஆடியது, மற்ற இரண்டும் கவென்ட்ரி மைதானத்தில் ஒன்றோடொன்று மோதின. கூட்டம் உள்ளே வர நேரமாகிறது என்று கவென்ட்ரி ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கினார்கள். எவர்ட்டனில் சண்டர்லாந்து 2-0 என்று தோற்றது முடிந்தபோது இங்கே இன்னும் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, 2-2. கவென்ட்ரி நிர்வாகத்தில் இருந்த ஜிம்மி ஹில் அந்த முடிவை ஸ்கோர்போர்டில் போடச் சொன்னார். டிரா என்றால் இரண்டு அணியும் தப்பிக்கும் என்று தெரிந்துபோயிற்று. அவ்வளவுதான், யாரும் கோல் பக்கமே போகவில்லை, பந்தை அவர்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தார்கள், சண்டர்லாந்து இறங்கியது. இருபது வருடம் கழித்து 1997 மே மாதம் லீக்கின் கடைசி நாளில் கவென்ட்ரி டாட்டன்ஹாமில் ஆடிய ஆட்டமும் போக்குவரத்து நெரிசலால் கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது, மற்ற முடிவுகள் தெரிந்த பிறகு 2-1 என்று ஜெயித்துத் தப்பித்தார்கள், விம்பிள்டனில் தோற்ற சண்டர்லாந்து மறுபடி இறங்கியது. இரண்டாவது தடவை வேண்டுமென்று நடந்தது இல்லை, அது எனக்குத் தெரியும், பெரியவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரே ஊர்ப் பெயர் இரண்டு முறை வந்தால் மனது கணக்குப் போடாமல் இருக்குமா?

கவென்ட்ரி ரசிகர்களைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 34 வருடம் தொடர்ந்து மேல் டிவிஷனில் இருந்துவிட்டு 2001-ல் இறங்கியவர்கள், 2017-ல் நான்காம் நிலை வரைக்கும் போனார்கள். நடுவில் சொந்த மைதானம் இல்லாமல் நார்தாம்ப்டனிலும் பர்மிங்காமிலும் போய் 'வீட்டு ஆட்டம்' ஆடினார்கள். 2023 வெம்ப்ளி இறுதியில் அதே லூட்டனிடம் பெனால்டியில் தோற்றார்கள். அவர்களும் காத்திருக்கிறவர்கள்தான். ஆனால் யாராவது ஒருவர்தானே போக முடியும்.

சண்டர்லாந்து 2017-ல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, அடுத்த வருடமே இன்னொரு படி இறங்கியது, மூன்றாம் நிலையில் நான்கு வருடம் கிடந்தது. 2022-ல் மேலே வந்ததும் பிளே ஆஃப் வழியாகத்தான், அந்த அரையிறுதியின் இரண்டாவது லெக்கில் ஷெஃபீல்டில் காய நேரத்தில் பேட்ரிக் ராபர்ட்ஸ் போட்ட கோலை இன்றைக்கும் ஊரில் பேசுவார்கள். 1998-ல் சார்ல்டனோடு வெம்ப்ளியில் 4-4, பெனால்டியில் 7-6 என்று தோற்றது இன்னொரு பக்கம். அன்று சார்ல்டனுக்கு மூன்று கோல் போட்ட கிளைவ் மெண்டோன்சா சண்டர்லாந்தில் வளர்ந்தவர்! கப்பல் கட்டுகிற தொழில் போய்விட்டது, சுரங்கம் போய்விட்டது, இப்போது நிசான் கார்த் தொழிற்சாலை இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் அந்த ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்தே ஆட்டம் என்ன ஆச்சு என்று சொல்லிவிடலாம். நான் பகுதி நேரமாக வேலை பார்த்த கடையில், தோற்ற மறுநாள் வாடிக்கையாளர்கள் 'காலை வணக்கம்' கூடச் சொல்லாமல் பாலை எடுத்துக்கொண்டு போவார்கள்.

நேற்று பெரியவருக்கு ஃபோன் செய்தேன். "செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கே பாலத்தைக் கடந்துவிடுவேன்" என்றார். ஆட்டம் எட்டு மணிக்கு. ஜெயிப்போமா என்று கேட்டேன், ஊரில் மழையா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

என் கணிப்பைக் கேட்டால், சண்டர்லாந்து தப்பிக்கும், ஆனால் 90 நிமிடத்துக்குள் முடியாது, கூடுதல் நேரம் வரைக்கும் இழுக்கும் என்று தோன்றுகிறது. கவென்ட்ரி ஒரு கோல் போடும், அது நிச்சயம். அந்தக் கோலுக்கு அப்புறம் இந்தப் பையன்கள் நிமிர்ந்து நிற்கிறார்களா என்பதுதான் எல்லாம். ஜெயித்தால் மே 24 வெம்ப்ளியில் பெரும்பாலும் ஷெஃபீல்டு யுனைடெட், முதல் லெக்கில் பிரிஸ்டல் சிட்டியை 3-0 என்று அடித்திருக்கிறார்கள், லீக்கில் சண்டர்லாந்தைவிட 14 புள்ளி அதிகம். அந்தக் கவலை அப்புறம்.

ஆசிரியர் அவர்களே, கேட்பது இரண்டுதான். செவ்வாய்க்கிழமை பேப்பரில் ஆட்ட நேரத்தைப் போடுங்கள், நம் நேரப்படி புதன் அதிகாலை 12.30 மணி. சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டம், முதல் இரண்டு இடம் நேராக மேலே (இந்த வருடம் லீட்ஸும் பர்ன்லியும், இருவருக்கும் 100 புள்ளி), மூன்றிலிருந்து ஆறு வரை வந்த நால்வரில் ஒருவர் மட்டும் பிளே ஆஃபில் ஜெயித்து மேலே போவார் என்று ஒரு பெட்டிச் செய்தியும் சேர்த்துப் போட்டால், ஐ.பி.எல். பிளே ஆஃப் தெரிந்த யாருக்கும் இது புரியும், பத்துப் பேராவது கண் விழித்துப் பார்ப்பார்கள். ஆட்டம் முடிய நம் ஊரில் இரண்டரை, மூன்று மணி ஆகும், புதன் பேப்பருக்கு வராது என்று தெரியும். வியாழக்கிழமை போடுங்கள். மூன்று வரிக்கு மேல் போடுங்கள், சண்டர்லாந்து தோற்றிருந்தாலும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
திருச்சி.